மோடம் போட்ட கூச்சல்

புதிய இயங்குதளம் ஏற்றிய மறுநாளே போன் கம்பி வழியே இணையத்தோடு இணைக்கும் மோடத்தைக் கணினிக்கு அடையாளம் தெரியவில்லை. வதாத் எத்தனை முறை சொடுக்கினாலும் ‘மோடம் கிடைக்கவில்லை’ என்றே திரை சொன்னது. அரபு எழுத்து ஒழுங்காக வரும் என்று நம்பி, மாமன் மகனைக் கூப்பிட்டு அதை ஏற்றச் சொன்னவள் அவள்தான். இப்போது அவனைப் போனில் கேட்கவும் பயம். சிரியாவின் அலெப்போவில் அவளுடைய வீட்டுப் போனை எடுத்தால், கொஞ்ச நாளாகவே மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

அவள் கணவன் பெயர் முன்திர். உளவுத்துறை அவனைப் பிடித்துக்கொண்டு போய் ஏழு வாரம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நேற்றுதான் காய்கறிக் கடையில், விடுதலையாகி வந்த ஒருவர் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் பொறுக்கியபடியே சிறையின் பெயரை முணுமுணுத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர் இன்றைக்கே பிரான்சில் லியோனிலிருக்கும் கொழுந்தனுக்குப் போய்ச் சேரவேண்டும். நாளைக் காலை அவன் அங்கே வழக்கறிஞர்களைப் பார்க்கிறான்.

பட்டியலிலிருந்து மோடத்தை நீக்கினாள். கணினியை அணைத்துப் போட்டாள். மறுபடி கையாலேயே சேர்த்து, கணினியின் இணைப்புப் போர்ட்டை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். மூன்றாவதில் பெட்டியின் விளக்குகள் மினுங்கின. உயிர் வந்தது போலிருந்தது. இணையத்துக்காக முன்திர் எப்போதும் அழைக்கும் பெய்ரூத் எண்ணைத் தட்டினாள்.

பெட்டி கூச்சல் போட்டது. முதலில் எண்கள் ஒவ்வொன்றாகக் கணீரென ஒலித்தன, பிறகு காதைக் கிழிக்கும் கிறீச்சல். இத்தனை நாள் அது முனகியதுகூட இல்லை! வதாத் கம்பியைப் பிடுங்கி எறிந்தாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தது. படிகளில் செருப்புச் சத்தம். அபூ ஹாத்திம்தான். கட்டடத்துக்கு யார் வந்தார், யார் போனார் என்று உளவுத்துறைக்கு எழுதிக் கொடுப்பவர் அவர் என்பது தெருவுக்கே தெரியும். அனுமதியில்லாத மோடம் ஒன்றே போதும், அவளையும் கூட்டிப்போக.

“உம்மு லைத், கதவத் திறம்மா.”

லைத்தின் அம்மா என்று ஊர் வழக்கப்படி அவளைத்தான் கூப்பிட்டார். மேசை விரிப்பை உருவிக் கணினிமேல் போட்டுவிட்டுத் திறந்தாள்.

“என்ன சத்தம் அது? பூனை வால மிதிச்சிட்டியா?”

“ரேடியோ. சரியா எடுக்க மாட்டேங்குது.”

“ரேடியோ நம்பர் அழுத்துமா? நான் கீழ எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். வெளிநாட்டு நம்பர்.”

அவர் உள்ளே வந்து, சொல்லாமலே உட்கார்ந்து, விரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மின்னஞ்சல் முகவரி எழுதிய ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“எம் மகன் கப்பல்ல வேலை பாக்குறான்னுதான ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்? பொய். பட்டாளத்துக்குப் பயந்து ஓடிட்டான். ஸ்வீடன்ல இருக்கானாம். அஞ்சு மாசமா ஒரு சேதி இல்ல. அவன் அம்மா சோத்தத் தொட மாட்டேங்குறா.”

“எனக்கு இதெல்லாம் தெரியாது, அபூ ஹாத்திம்.”

“தெரியாமலே இருக்கட்டும். சத்தத்த மட்டும் கொறை. மாடி வீட்டுக்காரன் நாலு மணிக்கு வந்துருவான். அவனும் எழுதிக் குடுக்குறவன்தான்.”

அவர் போய்விட்டார். மணி மூன்று இருபது. மோடத்தோடு வந்த சின்னக் கையேட்டை வதாத் புரட்டினாள். ஒலியை அடைக்க நான்கே எழுத்து: ஏ, டி, எம், கடைசியில் ஒரு பூஜ்யம். முன்திர் போட்டு வைத்திருந்ததைப் புதிய இயங்குதளம் அழித்துவிட்டிருக்க வேண்டும். கூடுதல் அமைப்புக் கட்டத்தில் அதைத் தட்டிவிட்டு, தலையணையைப் பெட்டிமேல் அழுத்தியபடி அழைத்தாள். ஒரு சத்தமும் இல்லை. செத்துவிட்டதா? தலையணையை விலக்கினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து நின்றன. கொழுந்தனுக்கு அடித்து வைத்திருந்த மின்னஞ்சல் சிறையின் பெயரோடு போய்விட்டது.

சீட்டு அங்கேயே கிடந்தது. பொறியாக இருந்தால், அனுப்பும் ஒரு வரியே சாட்சி. அனுப்பாவிட்டால், அந்த மனிதரிடம் அவளுடைய ரகசியம் மட்டும் மிஞ்சும், அதைக் காக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. ‘அம்மாவுக்கு ஒரு வரி எழுது’ என்று மட்டும் அடித்து, பெயர் போடாமல் அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவர் மகனிடமிருந்து பதில் வந்தது. கையால் எழுதிக் கீழே கொண்டுபோனாள். அபூ ஹாத்திம் வாசற்படியிலேயே படித்தார். மனைவியைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தார். பிறகு தாளை அடுப்பில் காட்டி எரித்தார்.

அந்தச் சிறையில் முன்திரைப் பார்க்க அனுமதி கிடைக்க மேலும் நான்கு மாதமாயிற்று. இளைத்திருந்தான், ஆனால் உயிரோடிருந்தான். அன்று திரும்பி வரும்போதும் கீழ்வீட்டைத் தாண்டுகையில் வதாத் சத்தம் கேட்காதபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் படியேறினாள்.