அம்மாவின் குரலில் அட்ராக்டா ஃபினரன்

1951 பிப்ரவரியில் இறந்து, முறைப்படி அடக்கம் செய்யப்பட்ட ஹனோரியா ஃபினரன், அதே ஆண்டு மார்ச் மாதம் டப்ளினில் ஒரு நாடக மேடையில் நான்கு வரி வசனம் பேசிக் கைதட்டலும் வாங்கினாள். மேடையில் நின்றது அவளுடைய இளைய மகள் அட்ராக்டா, வயது பத்தொன்பது. வாய் மகளுடையது, குரல் அம்மாவுடையது. உயிரோடு இருந்த அறுபது வருடமும் ஹனோரியா டப்ளின் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நாடகம் என்றால் வேலைவெட்டி இல்லாதவர்களின் கூத்து என்று ஏசுவாள். வான்கோழி வளர்த்து விற்ற பெண் அவள். கொல்லையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், மூன்று வயல் தள்ளி இருக்கும் கோழிகளும் புருஷனும் ஒரே வேகத்தில் வீடு திரும்புவதை ராத்கிளாஷ் ஊரே பார்த்திருக்கிறது.

தப்பு நடந்தது அவள் செத்த அன்று காலையில். ராத்கிளாஷ் இருக்கும் ராஸ்காமன் பக்கத்தில் யாராவது இறந்தால் அந்த அறையின் சன்னலைத் திறந்துவைப்பார்கள். உயிர் அந்த வழியாகத்தான் போகும், இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பிணத்தைக் குளிப்பாட்ட வந்த வின்னி டால்டன் இதை வாய்விட்டே சொன்னாள். "யாரும் குறுக்க நிக்காதீங்க. வழிய மறிச்சா அவ எங்கதான் போவா, பாவம்." அட்ராக்டாவும் கேட்டாள். ஆனால் டப்ளின் நாடகக் கம்பெனிக் கடிதத்துக்காக மூன்று வாரமாய்க் காத்திருந்தவள் அவள். சாவு வீட்டுக்குள் தபால் பையோடு நுழையக் கூசிய தபால்காரர் பார்ட்லி, சன்னலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, ஒரு உறையை லேசாகத் தூக்கிக் காட்டினார். அவள் இரண்டு எட்டு வைத்துச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். அப்போது பிடரியில் குளிர்ந்த தண்ணீர் போல ஒன்று இறங்கித் தொண்டையில் உட்கார்ந்தது. இரண்டு தடவை இருமினாள். தேநீர்த் தட்டோடு நின்ற அக்கா டெல்யா, "சளியா?" என்று மட்டும் கேட்டாள். திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிக் கடிதத்தில் எழுதியிருந்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அட்ராக்டா ஒரு பெட்டியோடு ரயில் ஏறிவிட்டாள். இடுப்பு வலிக்கார அப்பா, நாற்பது வான்கோழி, அம்மாவின் அடுப்படி எல்லாம் இருபத்தாறு வயது டெல்யாவின் தலையில் விழுந்தன. டெல்யாவைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெண் எடுத்தான்.

முதல் நாள் ஆட்டத்தில் அட்ராக்டாவுக்கு வேலைக்காரக் கிழவி வேஷம். அவள் வாயைத் திறந்ததும், ஹனோரியாவிடம் வருடாவருடம் வான்கோழி வாங்கிய வியாபாரி ஒருவர் மேல் வரிசையில் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். "ஹனோரியாவா அது? போன மாசம்தானே மண்ணு போட்டுட்டு வந்தேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அறுபது வயதுக் குரல் எங்கிருந்து வந்தது என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. இருபத்திரண்டு வயதுக்குள் அவள் பதினான்கு நாடகங்களில் அம்மாவாக நடித்துவிட்டாள். சில நாள் ஹனோரியா சும்மா இருக்காமல் சொந்தமாகவும் பேசுவாள். மகன் கடலில் செத்த சேதி வரும் கட்டத்தில், "அந்தக் கேட்டைத் திறந்து போட்டது யாருடா?" என்று ஒரு நாள் அதட்டினாள். நாடகம் எழுதியவர் குதித்தார். சனம் முதலில் சிரித்து, அப்புறம் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்ததும் அந்த வரியைப் பிரதியிலேயே சேர்த்துக்கொண்டார். 1957இல் லண்டனில் சினிமா எடுத்தபோது, ஒலிப்பதிவு செய்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "இதுல ரெண்டு பொம்பளைங்க இருக்காங்க. ஒருத்தி மூச்சு விடறா, இன்னொருத்தி பேசறா" என்றார். ஒருத்தியை அழித்துப் பார்த்தார். வெறும் உதடு மட்டும் அசைந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இதிலெல்லாம் அட்ராக்டாவுக்குச் சந்தோஷம் ஒட்டவே இல்லை. ஒவ்வொரு கைதட்டலும், திருடிய கோழியைச் சமைத்து வைத்துவிட்டு, பிரமாதம் என்று பாராட்டு வாங்குவது போல அவளைக் கூச வைத்தது. பெற்றவளைப் பரலோகம் போக விடாமல் பிடித்துவைத்துப் பிழைக்கிறோமே என்று அருவருத்தாள். பொறுக்க மாட்டாமல் ஃபாதர் கான்ராயிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அந்தக் காலத்தில் டப்ளின் பாதிரியார்கள் நாடகக் கொட்டகையில் சனத்தோடு உட்காரக் கூடாது என்று தடை இருந்தது. அதனால் அவர் பக்கத் திரை மறைவில் நின்றே அவளுடைய எல்லா நாடகங்களையும் பார்த்து முடித்திருந்தார்.

"தெரிஞ்சேதான் மறிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"முதல் நாள் தெரியாம, ஃபாதர். அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் தெரிஞ்சேதான்."

"ஊருக்குப் போய் அதே அறையில நின்னு வழி விட்டுடு. மன்னிப்பு உண்டு" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த நாடகம் முடியட்டும். டிசம்பர் வரைக்கும் ஓடுமாமே" என்றார். டிசம்பர் முடிந்ததும் வேறு நாடகம் வந்தது. அவளும் போகவில்லை. அம்மா போய்விட்டால் தொண்டையில் மிச்சம் என்ன இருக்கும்? தன் பழைய குரல் எப்படி இருந்தது என்றே அவளுக்கு நினைவில்லை. அது திரும்பி வராவிட்டால் மேடை இல்லை, சினிமா இல்லை, அவளே இல்லை. இந்தப் பயம்தான் அவளைக் கட்டிப்போட்டது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது, ஆனாலும் பயமே ஜெயித்தது.

டெல்யா மாதம் ஒரு கடிதம் போடுவாள். வான்கோழி, மழை, அப்பாவின் இடுப்பு. கடைசி வரி மட்டும் மாறாது: "அம்மா குரல் மறந்துகிட்டே வருது. உனக்கு ஞாபகம் இருக்கா?" அட்ராக்டா லண்டன் கோட்டு அனுப்பினாள், நல்ல தேயிலை அனுப்பினாள், அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதவில்லை. ஊருக்கு வந்தால் வாயைத் திறக்க வேண்டியிருக்குமே என்று இருபத்துமூன்று வருடம் வராமலே இருந்தாள். அவள் படம் அயர்லாந்தின் மூலைமுடுக்கெல்லாம் ஓடியது, ராத்கிளாஷில் தவிர. கொட்டகைக்காரர் மல்ட்ரூவுக்கு அவளே கடிதம் எழுதித் தடுத்துவிட்டாள். மல்ட்ரூ அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டினார். "நம்ம மூஞ்சிய நெனச்சா அம்மணிக்கு வெக்கமாம்" என்று ஊர் பேசியது. டெல்யா மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை.

1974 நவம்பரில் அப்பா போய்ச் சேர்ந்தார். அட்ராக்டா வந்தாள். ஆனால் சன்னல் திறந்திருந்த இரண்டு மணி நேரமும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் கொல்லையில் மழையில் நின்றாள். சினிமாக்காரியின் திமிரைப் பார் என்றார்கள். அடக்கம் முடிந்து சனம் கலைந்த மறுநாள் மத்தியானம், அடுப்படி மேஜையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கும் குரலும் அம்மாவுடையதாகவே இருந்தது அவளுக்குக் கேவலமாக இருந்தது. "இன்னிக்கே அந்த ரூம்ல நின்னு அவளை அனுப்பிடறேன் டெல்யா. என் பொழைப்பு போனாப் போகட்டும்" என்றாள்.

டெல்யா சாவகாசமாகத் தேநீரில் சர்க்கரை கலக்கினாள். "அம்பத்தெட்டுல ரேடியோ வாங்கினேன். ஞாயித்துக்கிழமை நாடகம் கேட்பேன். உன்னோட பேரச் சொன்னான், நம்ம அம்மா பேசினா. அப்பவே தெரியும்."

"பின்ன ஏன் மாசாமாசம் அப்படி எழுதின?"

"நீயா சொல்லுவியான்னுதான். நீ வழிய மறிச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. எவளா இருந்தாலும் அந்தக் கடுதாசிக்குக் கைய நீட்டியிருப்பா. இத்தன வருஷத்துல ஒரே ஒரு நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு உனக்குத் தோணலியே. நாட்டுல இருக்கிறவனெல்லாம் டிக்கெட் வாங்கிக் கேட்டான். நான் இந்த அடுப்படியில ரேடியோகிட்ட காத வெச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அட்ராக்டா பதில் சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்தபோது வந்தது ஹனோரியா.

"என்னடி டெல்யா, ரொட்டி தீயுது, மூக்கடைச்சுப் போச்சா உனக்கு?"

டெல்யா எழுந்துபோய் ரொட்டியை வெளியே எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்புறம் அம்மாவும் மூத்த மகளும் பேசினார்கள். கறுப்பு வான்கோழியை விற்றதற்கு ஹனோரியா திட்டினாள். கைவிட்டுப் போன மாப்பிள்ளையை ஆரம்பத்திலேயே தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். டெல்யா அழுதுகொண்டே சிரித்தாள். தேநீர் ஆறிப்போன பிறகு ஹனோரியா கேட்டாள்: "சின்னவ கடுதாசி போட்டாளா? எப்ப வர்றாளாம்?"

டெல்யா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "இங்கதானேம்மா இருக்கா."

"கேலி பண்ணாத. இருந்தா அவ சத்தம் கேக்காதா? அவளை ஒரு தடவ பாத்துட்டேன்னா நான் கிளம்பிடுவேன். எனக்கென்ன, சொகமா உக்காந்தா இருக்கேன்?"

அட்ராக்டா தன் உயிரையெல்லாம் திரட்டி, "அம்மா" என்றாள். அந்தச் சொல்லும் ஹனோரியாவின் குரலில்தான் வந்தது. ஹனோரியா சிரித்தாள். "பாரேன், எனக்கே எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு."

அன்று சாயங்காலம் அந்த அறைச் சன்னலைத் திறந்து, அட்ராக்டாவை ஓரமாக நிறுத்திப் பார்த்தார்கள். மழைச்சாரல் உள்ளே வந்ததே தவிர எதுவும் வெளியே போகவில்லை. பிறகு வாரம் ஒரு நாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. டப்ளினில் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. திங்கள் காலை ரயிலில் அட்ராக்டா வந்து இறங்குவாள், ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை இரண்டு தடவை தூக்கி வணக்கம் சொல்வார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வான்கோழிக்கு வரும் நோய்க்கு ஹனோரியாவிடம் மருந்து கேட்டுக்கொண்டு போவார்கள். பாதி தடவை பலிக்கும். லண்டனில் பெரிய விருது ஒன்று அறிவித்தார்கள். விழா திங்கட்கிழமை என்றதும், வர முடியாது என்று அட்ராக்டா சொல்லிவிட்டாள். அம்மாவாக அவள் நடித்ததில் அதற்குப் பிறகு வந்தவைதான் சிறந்தவை என்று பத்திரிகைகள் எழுதின, அவள் படிக்கவில்லை.

ஒவ்வொரு திங்களும் சாயங்கால ரயிலுக்கு நேரமாகும்போது, ஹனோரியா மகளின் வாயாலேயே மகளைப் பற்றிக் கேட்பாள். "சின்னவ இந்த வாரமும் வரலியா?"

"வருவாம்மா. அவளுக்கு வேலை ஜாஸ்தி" என்பாள் டெல்யா. சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பவளின் கண்ணை இடுப்பில் கட்டியிருந்த அடுப்படித் துணியால் துடைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டு, வழியில் சாப்பிட ரொட்டியைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புவாள்.