பச்சை எங்கே போனது?

வேதியியலில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். கூடவே மட்பாண்டக் கலையையும் எடுத்து டபுள் மேஜர் ஆக்கலாமா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். எடுத்தால் கல்லூரியில் ஒரு வருடம் கூடும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"ரெண்டும் படிச்சு என்ன ஆவே?" என்றார் அப்பா. பேருந்து ஓட்டுகிறவர், எந்த வண்டியும் எங்கே போகிறதென்று நெற்றியில் எழுதியிருக்க வேண்டும் அவருக்கு. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் கோபம் வந்தது.

"ஏதோ ஒண்ணு ஆவேன், விடுங்க!"

வீட்டில் எனக்குக் 'குடைச்சல்' என்று பெயர். சும்மா வைக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் வினை வந்தது. நான் விருப்பப் பாடமாகப் போய்க்கொண்டிருந்த மட்பாண்ட வகுப்பின் பேராசிரியையை நாங்கள் சூளை மேடம் என்போம். சுடுவதற்கு முன் கோப்பைகள்மேல் பூசுகிற, வகுப்புக்கே பொதுவான மெருகுக் கலவையைக் கரைக்கும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். அதில் முக்கியம் கல்லூரிக்குப் பின்னால் குளக்கரையில் தோண்டிய மண். ஒரே அழுக்கு. வேதியியல் படிக்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஆய்வகத்துக்குத் தூக்கிப் போய், நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, அலசி அலசிக் கழுவினேன். மஞ்சள் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கியது. பெருமையோடு கொட்டினேன். மண் வெள்ளை வெளேரென்று ஆனது.

சூளையைத் திறந்தபோது எல்லோர் முகமும் செத்துவிட்டது. வருடா வருடம் இளம்பச்சையில் பளபளக்கும் கோப்பைகள் இந்த முறை சோகை பிடித்த மாதிரி வெளிறிக் கிடந்தன.

"மண்ணை என்ன பண்ணினே?"

"சுத்தம் பண்ணினேன் மேடம்."

"யாரு கேட்டா?"

சுத்தம் செய்ததற்குத் திட்டு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஏன் மேடம் பச்சை வரலை?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"இந்த மண்ணு பச்சையா வரும். அவ்வளவுதான். நீ உன் லேபோடயே இரும்மா, உனக்கு இது சரிப்படாது."

அழுகை முட்டியது. அதைவிட அந்தக் கேள்வி முட்டியது. நேரே வேதியியல் சாரிடம் ஓடினேன்.

"இரும்பும்மா. காத்து கம்மியா இருக்கிற சூளையில இரும்பு பச்சை கொடுக்கும். இதுல என்ன இருக்கு?"

"அந்தப் பச்சையை நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

அடக் கடவுளே! அடுத்த கட்டடத்தில் இருக்கிறது சூளை. இவருக்குக் காரணம் தெரியும், பச்சையைத் தெரியாது. மேடம் பச்சையோடே குடித்தனம் நடத்துகிறார், காரணம் தெரியாது. அந்த மஞ்சள் தண்ணீரோடு இரும்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நடுவில் நிற்கிறேன் நான்.

சைக்கிள் நிறுத்துமிடத்துக் கம்பியில் துருவைச் சுரண்டினேன். "கம்பி மேல என்னம்மா கோவம்?" என்றார் காவலாளி. துருவைப் பொடித்து, கழுவிய மண்ணில் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வெவ்வேறு அளவில் கலந்து, சின்னச் சில்லுகளில் பூசினேன். மேடத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அடுத்த சூளையில் ஓரமாக இடம் பிடித்தேன்.

கடைசி வியாழக்கிழமை சூளை திறந்தது. ஒரு சில்லில் பச்சை! அதே பச்சை! மேடம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, வந்து சேரு. ஆனா என்னைக் கேக்காம இனிமே எதையும் கழுவக் கூடாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் கண் கடைசிச் சில்லிலேயே நின்றது. துரு அதிகம் சேர்த்தது அது. கன்னங்கரேலென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் தேன் நிறம். அதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"பச்சை வந்துடுச்சுப்பா. ரெண்டையும் எடுக்கிறேன். ஒரு வருஷம் கூடும்."

"என்ன ஆவேன்னு இப்பவாவது சொல்லு."

"தெரியலைப்பா." இந்த முறை கோபம் வரவில்லை.

அப்பா பெருமூச்சு விட்டார். மேசைமேல் நான் வைத்த சில்லை எடுத்தார். விரலால் தடவினார். விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார்.

"பச்சை வந்துச்சுன்னே. இது ஏன் கறுப்பாச்சு? ஓரம் மட்டும் ஏன் இப்படி?"

"அதுக்குத்தாம்பா அந்த ஒரு வருஷம்."