என் கடையைப் பூட்ட வந்த அண்ணன்

என் அண்ணன் நகரக் காவலர், பழைய காலத்துப் பதவி. திருடனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. இவனுக்கு மிஞ்சிய ஒரே வேலை, கோர்ட் சொன்ன கடையைப் பூட்டுவது. அதற்கு ஒரு தொப்பி, பூண் போட்ட கோல், தங்கிக்கொள்ள அரசாங்கம் கொடுத்த இரண்டு அறை. ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவி; எதிர்த்து நிற்க ஆளே இல்லாத தேர்தலில் ஜெயித்துவிட்டு ஜம்பம் வேறு.

என் தையல் கடையைக் காலிசெய்யச் சொல்லிக் கட்டிடச் சொந்தக்காரர் வழக்கில் ஜெயித்தார். கடை போனால் என் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. கொஞ்சம் அவகாசம் கொடு என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"தங்கச்சின்னு பார்த்தா தொப்பிக்கு என்ன மரியாதை?" என்றான்.

இதற்கிடையில் சட்டசபையில் நகரக் காவலர் பதவியையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. கவர்னர் கையெழுத்துதான் பாக்கி. தான் எவ்வளவு அவசியம் என்று காட்ட, என் கடையை ஊரைக் கூட்டிப் பூட்டுவதென்று அண்ணன் முடிவு செய்தான். திங்கட்கிழமையே பூட்டியிருக்கலாம். பார்க்கக் கூப்பிட்ட எம்.எல்.ஏ.வுக்கு அன்று தோதுப்படாது என்று வெள்ளிக்குத் தள்ளினான், புத்திசாலி.

வெள்ளியன்று எம்.எல்.ஏ. வரவில்லை. ஒரே ஒரு நிருபர் வந்தார். விதிப்படி, வாசலில் நின்று உத்தரவை முழுக்கப் படித்த பிறகே பூட்ட வேண்டும். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாடகைதாரரே" என்று ஆரம்பித்தான். கூடப் பிறந்தவள் நான், வாடகைதாரராம். நிறுத்தி நிதானமாகப் படித்தான்.

பாதியில் நிருபரின் போன் அடித்தது. பேசிவிட்டு அண்ணனிடம் திரும்பினார்.

"சார், விட்டுடுங்க. கவர்னர் கையெழுத்துப் போட்டுட்டாராம். உங்க பதவி இப்ப இல்ல. இனிமே போலீஸ்தான் பூட்டணும், அதுக்குக் கட்டிடக்காரர் மறுபடி கோர்ட்டுக்குப் போகணும்."

"படிச்சு முடிச்சிடறேனே."

"யாருன்னு சொல்லிப் படிப்பீங்க?"

தெருவே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு உள்ளே போய் மெஷினை மிதித்தேன்.

சாயங்காலம் அண்ணன் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். போலீஸ்காரர்கள் அவன் அறைகளைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார்களாம்.

"ஒரு வரிகூடப் படிக்கல. சும்மா பூட்டிட்டாங்க" என்றான். கண் கலங்கியிருந்தது. போக்கிடம் போனதற்கு இல்லை, இதற்கு அழுகிறான், பாவி மனுஷன்.

"தொப்பிய வெளிய வச்சிட்டு உள்ள வாண்ணே."

தயங்கினான். "எவனாவது எடுத்துட்டுப் போயிட்டா?"

"போலீஸ்ல போய்ச் சொல்லு."