சக்திக்குச் சொல்ல வேண்டியது

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் நடு நாற்காலியில் நான், எனக்கு இடப்பக்கம் உன் மாமா, ஏசிக்குப் பயந்து கதவோரம் என் மாமியார்... யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லாமல் பூங்கொடியால் கடிதம் எழுத முடியாது, தங்கச்சி சக்தி இதற்கே சிரிப்பாள், ஆனால் அடுத்த வரி ஏன் வரமாட்டேன் என்கிறது? டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார், குழந்தைக்காகப் போட்ட ஊசி மருந்து கெட்டுப்போகவில்லை, சினைப்பையில் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் உங்களுக்குப் பிறவியிலேயே சற்று வேறு மாதிரி, மரபணுவில் சின்ன மாற்றம், பலருக்கும் இருப்பதுதான், அது ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது, டோஸைக் கூட்டினால் சிலருக்கு முட்டைகள் வளரும்... இவளுக்குக் கூட்டியும் ஒரே ஒரு முட்டை, அதுவும் கருவாகவில்லை. அப்படியென்றால் அந்தத் தெர்மாகோல் பெட்டி? பெங்களூரிலிருந்து பைக்கில் மருந்தைக் கட்டிக்கொண்டு வந்த கணவர் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டி, வெயிலில் ஐஸெல்லாம் உருகி, அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கரித்துக் கொட்டினாளே, "எல்லாம் நான் பண்ண கூத்துதான், உடு பூவு" என்று அவரும் தலையைக் குனிந்துகொண்டாரே... பழி பெட்டி மேல் இருந்தவரை அடுத்த முறை என்று ஒன்று இருந்தது. இனி? "எங்க வகையறாவுல இப்பிடி யாருக்கும் இல்லீங்க டாக்டரம்மா," என்றாள் மாமியார் கதவோரத்திலிருந்து. "நீ சும்மா இரும்மா. பூவு, எந்திரி, போயி சோறு திங்கலாம்," என்று எழுந்தார் கணவர். பெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார், அவர்களுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், குழந்தையைத் தள்ளிப்போடுகிறார்கள் என்றால் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றார்... சக்தி தள்ளித்தான் போடுகிறாள், ஆசிரியர் தேர்வு முடியட்டும் அக்கா என்கிறாள். போனில் சொல்ல வழியில்லை, நாட்றாம்பாளையத்தில் அவள் புகுந்த வீட்டு வாசலில்தான் சிக்னல், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச்சு, அவள் மாமியார் மாரம்மா காதில் விழுந்தால் சோதனை எதற்கு, இவளும் மலடிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிடுவாள். அதனால்தான் கடிதம், அதுவும் சக்தி வேலை பார்க்கும் அங்கன்வாடி விலாசத்துக்கு. உனக்கு இருக்காது என்று எழுதினாள், அடித்தாள், அது உனக்கு எப்படித் தெரியும் பூங்கொடி? தேர்வு முடியக் காத்திருக்காதே, ஓசூருக்கு வா, நானும் கூட வருகிறேன்... இவ்வளவுதான் எழுத முடிந்தது, மடித்து உறையில் போட்டுப் பசை தடவினாள்.

மூக்கண்டப்பள்ளித் தெருவில் ஷிப்ட் விட்டு வருகிற கூட்டத்துக்கு எதிரே நடக்கையிலேயே மனசு பதில் கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டது, சக்தியின் சாய்ந்த கையெழுத்தில், அக்கா, எனக்கும் அப்படித்தானாம்... படித்ததும் நெஞ்சு லேசானது. லேசானதா? ஐயோ, அது எதற்கு லேசாக வேண்டும்? அவளைக் காப்பாற்றத்தானே எழுதினேன், என் குறைக்குத் துணை தேடவா எழுதினேன், இதில் எது முதலில் வந்தது... தபால் பெட்டியின் வாயில் கை நின்றது, பின்னால் ஒருவர், "போடுங்கக்கா, வழிய உடுங்க," என்றார், விரல்பிடி நழுவ, உள்ளே உறை விழுந்த சத்தம் கேட்டது.