வக்கீல் வீட்டு கேட்டில் மாட்டிய போல்ட்

பல் டாக்டருக்குக் கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். வாயைப் பிளந்து படுத்திருக்கிறவர் முகத்துக்கு நேரே கத்த முடியாதல்லவா, தொழில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஷெட்டுக்குள் அவர் பேசியது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மாமா, ஒரு போல்ட்டைக் காணோம்."

"ஒண்ணுதானே மாப்பிள்ளை!" என்றார் மாமனார் தெம்பாக. "இத்தனை சாமான்ல ஒண்ணு போறது சகஜம். எங்க கடையில மூட்டைக்கு ஒரு கைப்பிடி போகும்."

மாமனார் வாழ்நாள் முழுக்க இரும்புக்கடை நடத்தியவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். கடையைத்தான் ஒப்படைத்தாரே தவிர, கையை ஒப்படைக்கவில்லை.

அந்தக் கையால் வந்த வினை புரிய வேண்டுமானால் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் என்று ஒரு பையைக்கூட ஏற்ற முடியாது. மூக்கு மட்டும் ஒரு முழு வண்டி நீளம். பக்கக் கண்ணாடி இரண்டும் கதவில் இல்லாமல் முன்சக்கரங்களுக்கு மேலே கொம்பு முளைத்த மாதிரி நிற்கும். டாக்டர் வாங்கியபோது பெயிண்டுக்கு அடியில் துரு இருந்தது. துருவுக்கு அடியில் பல இடங்களில் ஒன்றுமே இல்லை. சொத்தையைச் சுரண்டி அடைக்கிற கை அவருடையது. அதே பொறுமையோடு தகடு வெட்டி, ஒட்டி, தேய்த்து, எஞ்சினைக் கடைசித் திருகு வரை பிரித்தார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் கிளினிக் தட்டுகளில் போட்டு, எங்கே கழற்றினாரோ அந்த இடத்தின் பெயரை ஒட்டி வைத்தார். இடது கதவுக் கீல். ரேடியேட்டர் மேல்பக்கம். ஷெட்டு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது.

பல் டாக்டர்கள் மாநாடு என்று அவர் ஒரு வாரம் வெளியூர் போனார். அதுதான் தப்பு. திரும்பி வந்து பார்த்தால் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. சுவரோரம் காபித்தூள் ஜாடிகள் வரிசை கட்டி நின்றன.

"ஒரே தட்டுல எட்டு மில்லியும் பத்து மில்லியும் கலந்து கிடந்துச்சு மாப்பிள்ளை. பார்க்கவே சகிக்கல. எல்லாத்தையும் சைஸ் வாரியா பிரிச்சு, எண்ணெய் போட்டு வெச்சிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

நன்றி சொல்லும் எண்ணம் டாக்டருக்கு இருக்கவில்லை. அதற்குப் பிறகு கிளினிக் முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும் ஜாடியைக் கொட்டுவதும், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒவ்வொரு போல்ட்டாகத் திருகிப் பார்ப்பதும், சேராமல் திரும்பக் கொட்டுவதுமாகக் கழிந்தது. மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எந்த ஜாடியை எங்க வைக்கிறீங்கன்னு பாருங்க" என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் டாக்டர் ஜாடிகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது கார் முழுசாக நின்றது. எஞ்சினின் மேல்மூடி மட்டும் திறந்திருந்தது. உள்ளே கேம்ஷாஃப்ட் என்கிற தண்டின் நுனியில் ஒரு பல்சக்கரம். அதைப் பிடித்து வைக்க ஒரே ஒரு தடித்த போல்ட். அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு. அது மாதிரி வேறொன்று வேண்டுமானால் கப்பலில்தான் வர வேண்டும்.

அதற்கு நேரம் இல்லை. மனைவி துணி தைக்கிறவள். வீட்டுக் கூடத்தில் தையல் மெஷின்கள் பெருகி, சாப்பிடக்கூட வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டியிருந்தது. ஷெட்டு அவளுக்கு வேண்டும். துணி வெட்டு மேஜை இன்று மத்தியானம் வந்துவிடும்.

"வண்டி தானா ஓடி வெளிய போகணும்" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். "தள்ளிட்டுப் போறதெல்லாம் கணக்கில்ல. ஓடிச்சுன்னா வீட்டோரமா நிக்கட்டும், நான் வாயே திறக்க மாட்டேன். ஓடலன்னா பழைய கார் புரோக்கருக்குக் குடுத்துடணும். சரியா?"

சரி என்று தலையாட்டியவர் டாக்டர்தான். புரோக்கர் காலையிலேயே இழுவை லாரியோடு வந்து, வாசலில் லாரி நிழலில் உட்கார்ந்திருந்தார். இடையிடையே எட்டிப் பார்த்து, நோயாளியின் சொந்தக்காரர் மாதிரி "எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டார்.

"தடியா, தலை பெரிசா இருக்குமே, அதுவா?" என்றார் மாமனார் திடீரென்று.

"ஆமா, ஆமா!"

"நல்ல அழகான போல்ட்டு மாப்பிள்ளை."

"எங்க மாமா இருக்கு?"

"எதிர்வீட்டு வக்கீல் கேட்டுல."

டாக்டர் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். கையில் இருந்தால் ஆபத்து.

"நீங்க மாநாடு போயிருந்தப்ப வந்தார். கேட்டு கீல்ல ஆணி தேஞ்சு போய் கிறீச் கிறீச்சுன்னு கத்துதுன்னார். ஜாடியில அந்த சைஸ்ல அது ஒண்ணுதான் தனியா கிடந்துச்சு. ஜோடி இல்லாத சரக்கு. வாசலுக்கு வந்தவரை இல்லைன்னு எப்படி அனுப்புறது? எனக்கு அப்படிச் சொல்லியே பழக்கமில்ல."

டாக்டர் தெருவைத் தாண்டப் பாய்ந்தார். மாமனார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்த மூஞ்சியோட போனா நடக்காது. வேணும் வேணும்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்கு. நீங்க வாயே திறக்கக் கூடாது. ஒரு நிமிஷம் இருங்க, வந்துடறேன்." அவர் ஷெட்டுக்குள் போனார்.

டாக்டர் வாசலில் நின்றார். புரோக்கர், "மேல்மூடியைப் போடலைன்னாலும் பரவால்ல சார், அப்படியே தூக்கிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார். மாமனார் சட்டைப்பை கனக்கத் திரும்பி வந்தார்.

வக்கீல் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மாமனார் கேட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சத்தமே இல்லை. உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன சார்?" என்றார் வக்கீல்.

"ஒண்ணுமில்ல. முட்டி வலி தேவலையா?"

முட்டி வலியைப் பற்றி வக்கீல் விரிவாகச் சொன்னார். பின்னாலிருந்து லாரியின் எஞ்சின் ஒரு தடவை உறுமி ஓய்ந்தது. புரோக்கர் சும்மா ஒத்திகை பார்த்தார் போலிருக்கிறது.

"இந்த கேட்டு விஷயமாத்தான் வந்தேன்" என்றார் மாமனார் கடைசியில். "அன்னிக்கு அவசரத்துல ஒத்தை போல்ட்டைக் குடுத்துட்டேன். இவ்வளவு பாரத்துக்கு ஒண்ணு எந்த மூலைக்கு? யார் தலையிலயாவது விழுந்துட்டா என் பேர்தானே கெடும். அதான் ரெண்டா கொண்டு வந்திருக்கேன்." பையிலிருந்து பளபளவென்று இரண்டு போல்ட்டுகளை எடுத்துக் காட்டினார்.

வக்கீல் போல்ட்டுகளைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர், உங்களுக்கு வேர்க்குதே?"

டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அந்த போல்ட்டு உங்க காரோடது, அப்படித்தானே?" என்றார் வக்கீல். "அது இல்லாம வண்டி ஓடாது. ஓடலைன்னா அந்த லாரி தூக்கிட்டுப் போயிடும். எனக்கும் தேய்க்கிற சத்தமும் பெட்ரோல் வாசனையும் இல்லாம ஒரு சாயங்காலம் கிடைக்கும். குடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிறதுக்கு என்ன ஆதாரம் சார்?"

"ஆதாரமா? நான் எதுவும் கேட்கவே இல்லையே" என்றார் மாமனார். "சரி, உங்க கேட்டு, உங்க தலை. வாங்க மாப்பிள்ளை, போகலாம்."

போகலாமா! டாக்டரின் கால் நகரவில்லை. மாமனார் அவரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்ததும் தனக்குத்தானே பேசுவதுபோல், "இந்த வண்டி போயிட்டா தொல்லை விட்டுதுன்னு நினைக்கிறார். மாப்பிள்ளை அடுத்ததா ஒரு மோட்டார் சைக்கிள் பார்த்து வெச்சிருக்கார். இதைவிட நாலு மடங்கு சத்தம்" என்றார்.

டாக்டர் எந்த மோட்டார் சைக்கிளும் பார்த்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"நில்லுங்க சார்" என்றார் வக்கீல்.

போல்ட் கழன்று டாக்டரின் உள்ளங்கைக்கு வந்தது. துரு இல்லை. வக்கீல் கிரீஸ்கூட போட்டு வைத்திருந்தார். கேட் புதிய இரண்டு போல்ட்டுகளில் கம்பீரமாக நின்றது. அலமாரிச் சாவி தன் பையில் இருக்கும்போது அந்த இரண்டு எங்கிருந்து முளைத்தன என்று கேட்க டாக்டருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பல்சக்கரம் பூட்டப்பட்டது. மேல்மூடி உட்கார்ந்தது. வெட்டு மேஜை ஏற்றிய வண்டி தெருமுனையில் திரும்பியபோது டாக்டர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை தும்மியது. மனைவி கையில் அளவு நாடாவோடு வாசலில் நின்றிருந்தாள். மூன்றாவது தடவை ஷெட்டின் தகரக் கூரை அதிர எஞ்சின் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் படீரென்று சாத்தப்பட்டது.

டாக்டர் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கார் பாய்ந்தது. கூடவே சீட்டின் முன்பக்கம் தரையை விட்டுக் கிளம்பி, டாக்டர் அப்படியே மல்லாந்தார். கிளினிக் நாற்காலியில் நோயாளியைச் சாய்க்கிற அதே சாய்வு. கால்கள் இரண்டும் மேலே போயின. கண்ணுக்கு முன்னால் கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மிதிக்க ஆள் இல்லாத கார் ஷெட்டை விட்டு உருண்டு, வாசலைத் தாண்டி, தெருவில் இரண்டு குலுக்கல் குலுக்கி நின்றது.

மாமனார் ஓடி வந்து ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"சீட்டைப் பின்னாடி ரெண்டு போல்ட்டு பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கு மாப்பிள்ளை! முன்னாடி ரெண்டு வேற எதுக்கு தண்டத்துக்குன்னு எடுத்துக்கிட்டேன். ஜாடியைத்தான் பூட்டி வெச்சுட்டீங்களே, நான் வேற எங்க போறது?"

மனைவி சாவகாசமாக வந்து காரைப் பார்த்தாள். காலியான ஷெட்டைப் பார்த்தாள். மல்லாந்து கிடக்கும் கணவனைப் பார்த்தாள்.

"தானா ஓடித்தான் வெளிய வந்துச்சு" என்றாள். "நான் சொன்னா சொன்னதுதான். நீங்க லாரியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க புரோக்கர் சார், மேஜை இறக்கணும்."

கூரையைப் பார்த்தபடி டாக்டர் ஏதோ சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது.

மாமனார் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கையை உதறினார்.

"அட, நன்றியெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை."