தட்டிப் பார்த்த தரை

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் மிளகு பயிரிடும் சின்னாயி, தன் இன்னொரு வீட்டை நர்ஸ் சுமதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஹாலில் ஆறு டைல்ஸ் பெயர்ந்துவிட்டதாகச் சுமதி சொன்னதும், கொத்தனார் செல்வத்தை அழைத்துவந்தார்.

"ஆறையும் ஒட்டிடலாமுங்க. இவங்க காலி பண்ணினப்புறம் முழுசா மாத்திக்கலாம்," என்றார் செல்வம்.

சின்னாயி குனிந்து, அரிவாள் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். உள்ளே வெற்றாக ஒலித்தவற்றில் சுண்ணாம்புக் கோடு போட்டார். பாதிக்கு மேல் கோடு விழுந்தது.

"இவங்க போகட்டும்னு காத்திருந்தா ஊடு தாங்காது தம்பி. மழைக்கு முந்தி எல்லாத்தையும் பேத்துருங்க."

சுமதி ஒரு வாரம் சின்னாயி வீட்டிலேயே தங்கினார்.

தரையைப் பெயர்த்ததும் செல்வம் திகைத்து நின்றார். பின்புற மேட்டிலிருந்து கசிந்த நீர் அடிமண்ணை அரித்து, சுவரோரம் முழங்கை நுழையும் அளவுக்குப் பள்ளமாக்கியிருந்தது.

"ஆறை மட்டும் ஒட்டியிருந்தா சுவரே சாஞ்சிருக்குமுங்க," என்றார்.

வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்பினார்கள். பள்ளத்தை அடைத்து, கான்கிரீட் போட்டு, புது டைல்ஸ் பதித்தார்கள்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் சின்னாயி வெறுங்காலோடு ஹாலின் மூலைமுடுக்கெல்லாம் நடந்து பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

"ஜெயிச்சிட்டீங்கக்கா!" என்று சுமதி கைதட்டினார்.

"பின்னே! மலையே கரைஞ்சு வந்தாலும் நம்ம ஊடு நிக்கும் கண்ணு," என்று சின்னாயி வாய்விட்டுச் சிரித்தார்.