நாற்பத்தெட்டு இலக்கங்கள்

தம்பி என் கடைக்குள் கால் வைத்து இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். லேப்டாப்பை அவன் மனைவிதான் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"நேத்து அப்டேட் கேட்டுச்சு மாமா, போட்டேன். அதிலேருந்து நீலத் திரையிலயே நிக்குது. ஏதோ நம்பர் கேக்குது. நாலு கடை ஏறி இறங்கிட்டோம்."

நாலு கடை ஏறி இறங்கின பிறகுதான் சொந்த அண்ணன் கடை ஞாபகம் வந்ததாக்கும் என்று சுருக்கென்றது. ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவன் தொண்டையில் புற்று என்று தெரிந்தும், குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும், ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் நான். இத்தனைக்கும் சண்டை ஒரு கேலியில் வந்தது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில், "அண்ணன்கிட்ட ரிப்பேருக்குக் குடுத்தா அந்தப் பொருளை மறந்துடணும்" என்றான், கடைசி பெஞ்சுவரை எட்டுகிற அந்த வாத்தியார் குரலில். வீடே சிரித்தது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"இவரோட குரல்."

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னாராம், குரலைப் பதிந்து வையுங்கள், பிற்பாடு நீங்கள் எழுதுவதை உங்கள் குரலிலேயே பேச வைக்கலாம் என்று. பத்தொன்பது நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆயிரத்து நூறு வாக்கியங்கள் படித்திருக்கிறான். பாடம், வாய்ப்பாடு, மகளை அதட்டுவது, சாப்பிடக் கூப்பிடுவது, எல்லாம் இந்த டிஸ்க்குக்குள். அடுத்த வாரம் குரல் செய்து தருகிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"வேற காப்பி?"

"எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாரு. ஆபரேஷன் தேதி திடீர்னு முன்னாடி வந்துடுச்சு."

தம்பி உதட்டை அசைத்தான். சத்தமில்லை. துணிக்குள் காற்று மட்டும் போய்வந்தது. அவள் பார்த்துச் சொன்னாள்: "டிஸ்க்கைக் கழட்டினா எடுக்க முடியுமான்னு கேக்கறாரு."

முடியாது. டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கிறது. பென்டிரைவ் வழியாகத் திறந்து பார்த்தேன், போட்ட அப்டேட்டை நீக்கப் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கேட்டு வாசலிலேயே நிறுத்தியது. அது இல்லையென்றால் மெஷினைச் செய்தவனே வந்தாலும் திறக்காது.

அப்போதுதான் உறைத்தது. இந்த லேப்டாப்பை வாங்கிய அன்று செட் பண்ணிக் கொடுத்ததே நான்தான். இவனுக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது, என் அக்கவுண்டைப் போட்டுத்தான் திறந்து கொடுத்தேன். அப்படியென்றால் சாவி என் அக்கவுண்டில்தான் பதிவாகியிருக்கும்.

"அட, அஞ்சு நிமிஷ வேலைடா" என்றேன். "டீ சொல்லட்டுமா?"

இத்தனை நாளுக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவன் முகம் மலர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கவுண்டைத் திறந்தேன். அதில் சேர்த்த மெஷின்களின் பட்டியலில் என் போன் இருந்தது. கடைக் கம்ப்யூட்டர் இருந்தது. அவ்வளவுதான்.

மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பார்க்கும்போதே ஞாபகம் வந்துவிட்டது. அன்று சாப்பிடாமல் வந்த ஆத்திரத்தில் அவன் நம்பரை அழித்தேன். குடும்பக் குரூப்பிலிருந்து வெளியேறினேன். அதோடு விட்டேனா, பாவி, பட்டியலில் அவன் பெயரோடு இருந்த லேப்டாப்பையும் தேடிப்பிடித்து நீக்கினேன். நீக்கினால் சாவியும் போய்விடும் என்று எச்சரிக்கை வந்தது. இருபது வருஷமாக இதே தொழில், எனக்குத் தெரியாததா? போனால் போகட்டும் என்று அழுத்தினேன்.

பழியை அப்டேட்டின் மேல் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. வாய்வரை வந்துவிட்டது. அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு. அன்னிக்குக் கோவத்துல நான்தான் அழிச்சேன். இனிமே எடுக்க முடியாதுடா."

எழுந்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். நெற்றி நரம்பு புடைத்தது. கழுத்துத் துணி எழும்பி எழும்பி அமுங்கியது. விரலை நீட்டி நீட்டி, மூச்சு வாங்க வாங்க, நிறுத்தாமல் பேசினான். கடைக்குள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னம்மா சொல்றான்?" என்றேன்.

அவள் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.